அம்மா போட்ட மூன்று சீட்டுகள்

போன மாதம் கல்யாண மண்டபத்தில் நம் வகுப்புப் பெண்கள் ஏழு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்தோமே, அப்போது உங்களில் ஒருத்தி என் இலையில் பாயசம் விழுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏம்பா, நீ உபதேசியார் பொண்ணு. உனக்குப் போய் எப்படி சாமி இல்லாம போச்சு? அப்படி இன்னா துக்கம் வந்துச்சு உனக்கு?"

பாயசம் சுடுகிறது என்று சொல்லி நழுவிவிட்டேன். என் பக்கத்து இலைக்காரி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குத் தெரியும்.

நாம் எல்லோரும் அறுபதைத் தாண்டிவிட்டோம். இந்த வயதில் ஒருத்திக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையென்றால், அதற்குப் பின்னால் ஒரு சாவோ ஏமாற்றமோ இருந்தே தீரவேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. பதினோரு வயதில், ஒரு மழைக்காலத்தில், சிரித்துச் சிரித்துத்தான் நான் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பந்தியில் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் சர்ச் உங்களுக்கு நினைவிருக்கும். ஓட்டுக் கூரை, பத்துப் பன்னிரண்டு பெஞ்சுகள், பக்கத்திலேயே இரண்டு அறைகளில் எங்கள் வீடு. வாசல் கதவுக்கு அருகில் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குப் பச்சை வண்ணம் அடித்து, மூடியில் வாய் வெட்டி, ஆணியில் மாட்டியிருந்தார் அப்பா. அதுதான் விண்ணப்பப் பெட்டி. யாருக்கு என்ன வேண்டுமோ அதை ஒரு சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அப்பா ஒவ்வொன்றாகப் படிப்பார், சபை முழுக்க ஆமென் சொல்லும்.

அப்பாவுக்குக் கண் சரியில்லை. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டும் பொடி எழுத்து தெரியாது. அதனால் சனிக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்து, சீட்டுகளையெல்லாம் ஒரு நீள நோட்டில் குண்டு எழுத்தில் எழுதிக் கொடுப்பது என் வேலை. சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மெழுகுவர்த்தி வாசனையும் நைந்த பாட்டுப் புத்தகங்களின் வாசனையும் கலந்திருக்கும். அங்கே உட்கார்ந்து எழுதுவேன். சீட்டுகளுக்கும் தனித்தனி மணம் உண்டு. ஒன்றில் மஞ்சள், ஒன்றில் மருந்து, ஒன்றில் மூக்குப்பொடி.

"பெட்டியில இருக்கறத வெளிய சொல்லக் கூடாதும்மா. அது அவங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவுல இருக்கற விஷயம்" என்று அப்பா சொல்லியிருந்தார். நான் ஒரே ஆளிடம்தான் சொன்னேன். பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருந்தவர்களின் மகள், என் கூட்டாளி, அந்தப் பக்கத்து இலைக்காரி. நெற்றியில் விபூதிக் கீற்றோடு வந்து, மெழுகுவர்த்திப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து, எனக்கு முன்னால் எல்லாவற்றையும் படித்து முடித்துவிடுவாள்.

அந்தப் புரட்டாசியில் நர்ஸம்மாவின் சீட்டு வந்தது. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வுபெற்று, தனியாக ஆறு கோழிகளோடு இருந்தவர் அவர். கண்ணாடி தொலைந்து இரண்டு வாரமாகிறது, வேதம் வாசிக்க முடியவில்லை, அது இருக்குமிடத்தைக் கர்த்தர் காட்டவேண்டும் என்று எழுதியிருந்தார்.

என் கூட்டாளி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு எதுக்குப்பா சாமி? தேடினா போதாதா?"

அன்று சாயங்காலமே போனோம். கோழிக்குஞ்சு பார்க்க வந்தோம் என்றோம். அரை மணி நேரத்தில் கண்ணாடி கிடைத்துவிட்டது. அடைகாக்கும் கூடையில், வைக்கோலுக்கு அடியில், ஒரு முட்டையோடு முட்டையாகக் கிடந்தது. முட்டை எடுக்கக் குனிந்தபோது விழுந்திருக்க வேண்டும். கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஏனோ அவளுக்குக் குறும்பு தோன்றியது. துடைத்து, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா சாட்சி சொல்ல எழுந்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாகப் பளபளத்தன. "கதவு தாப்பா போட்டிருக்குது. ஜன்னல்ல பாத்தா கண்ணாடி உக்காந்துக்கினு இருக்குது! துடைச்சு வேற வெச்சிருக்குது! தூதன் வராம யாருப்பா வந்திருப்பாங்க?"

சபை ஸ்தோத்திரம் சொன்னது. நான் தரையில் விழுந்த காசைத் தேடுவதுபோல் பெஞ்சுக்கு அடியில் குனிந்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை சட்டென்று மறைந்தது. அன்றைக்கு நாங்கள் பட்ட சந்தோஷத்துக்கு ஈடாக அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் மிகச் சில நாட்கள்தான் அமைந்தன.

அதன்பிறகு சனிக்கிழமைகள் திருவிழாவாகிவிட்டன. எது நம்மால் முடியும், எது முடியாது என்று சீட்டுகளை இரண்டு குவியலாகப் பிரிப்போம். முடியும் என்ற குவியல் எப்போதுமே பெரிதாக இருக்கும்.

மனைவியை இழந்த தையல்காரர் ஒருவர், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, பொழுது போகவில்லை என்று எழுதியிருந்தார். என் கூட்டாளி தன் மாமாவிடம் போய்ச் சொன்னாள்: "மாமா, சர்ச்சாண்ட இருக்கற தையல்காரரு ஆடுபுலி ஆட்டத்துல பிள்ளையார்பாளையத்துல எவனும் எங்கிட்ட நிக்க முடியாதுன்னு சொல்லிக்கினு இருக்காரு." மாமா தறியை விட்டு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் கிளம்பினார். அதைச் சொன்னது யார், எப்போது சொன்னது என்றெல்லாம் அவர்கள் விசாரிக்கவே இல்லை. அன்று தொடங்கிய ஆட்டம் தினமும் விளக்கு வைக்கிற வரை நடந்தது. ஒருவர் கழுத்தில் சிலுவை, ஒருவர் நெற்றியில் பட்டை. இருவருக்கும் நடுவில் சுண்ணாம்புக் கட்டியால் கிழித்த கட்டம். "ஏய்யா, என் ஆட்ட ஏன்யா தின்றே!" என்ற கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

ஒரு வாரம் சிக்கல் வந்தது. கிணறு வற்றிவிட்டது, மழை வேண்டும் என்று நர்ஸம்மா எழுதியிருந்தார். அதே வாரம் என் கூட்டாளியின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுவேன், மகள் கையில் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். தறிக்கு ஏற்றும் பட்டுப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க வேண்டும், வியாழக்கிழமை வரை மழை கூடாது. "எங்க சாமிக்குச் சொல்லியாச்சு, உங்க சாமி காதுலயும் ஒரு வார்த்தை போட்டு வைங்க" என்று கடைசியில் எழுதியிருந்தது.

இரண்டையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதினேன். அப்பா இரண்டையும் உருக்கமாகப் படித்தார். சபை இரண்டுக்கும் ஆமென் சொன்னது. வியாழக்கிழமை மேகம் கூடி நின்றது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அடுத்த ஞாயிறு நர்ஸம்மா, கர்த்தர் மழைக்கு அடையாளமாக மேகத்தைக் காட்டினார், ஏற்ற காலத்தில் தருவார், அது தேவ சித்தம் என்றார். அத்தை, மழை வராமல் காத்தது யார் சாமி என்று தெரியவில்லை, இருக்கட்டும் என்று சர்ச்சுக்கும் ஒரு சீப்பு வாழைப்பழம் அனுப்பினார்.

"கேட்டது நடந்தா அவரு குடுத்தாரு. நடக்கலன்னா அவரு திட்டம் வேற" என்று என் கூட்டாளி விரல்விட்டு எண்ணினாள். "தோக்கவே தோக்காத ஆட்டம்பா இது. எங்க மாமா பாத்தா பொறாமைப்படுவாரு." சொல்லிவிட்டு அந்த வாழைப்பழத்தில் ஒன்றை உரித்துத் தின்றாள்.

இதற்குள் நர்ஸம்மா ஒரு கணக்குக்கு வந்திருந்தார். நான் எழுத ஆரம்பித்த பிறகுதான் விண்ணப்பங்கள் இப்படி வரிசையாக நிறைவேறுகின்றனவாம். என் எழுத்தில் அபிஷேகம் இருக்கிறதாம். பெண்கள் என் கையைப் பிடித்துத் தங்கள் பிள்ளைகளின் தலைமேல் வைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் என்னை மேடையில் ஏற்றி, இந்தப் பிள்ளையைக் கர்த்தர் ஒரு பெரிய திட்டத்துக்காகத் தெரிந்தெடுத்திருக்கிறார் என்று முழங்கினார். அப்பா பெருமையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் இனித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பாவம் அந்தப் பிரசங்கியார். அவர் தெரிந்தெடுத்த பிள்ளை இன்று இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது.

ஐப்பசி முதல் சனிக்கிழமை, நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிய ஒரு சீட்டு வந்தது. பெயர் இல்லை. ஆனால் சாய்ந்த எழுத்து. கடைக்குச் சாமான் எழுதித் தரும் எழுத்து. என் பள்ளிக்கூட லீவு லெட்டரின் எழுத்து.

'இந்த ஊரில் என்னால் இருக்க முடியவில்லை ஆண்டவரே. எங்களை என் ஊர்ப்பக்கம் மாற்றியருளும்.'

அம்மா தெற்கே தாமிரபரணிக் கரைக்காரி. எப்போதும் சிரித்த முகம். வருகிறவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக்கொண்டும், ஞாயிற்றுக்கிழமை முதல் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டை எடுத்துக்கொடுத்துக்கொண்டும் இருப்பாள். அவளுக்கு ஒரு குறை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அப்பாவோ, ஆயிரம் கோயில் இருக்கிற ஊரில் தன்னை ஒரு சின்ன விளக்காகக் கர்த்தரே கொண்டுவந்து வைத்தார் என்று நம்பியவர். கர்த்தர் வைத்த இடத்தைப் பிடிக்கவில்லை என்று ஒரு மனைவி புருஷனிடம் எப்படிச் சொல்வாள்? அதனால்தான் அவள் பெட்டியில் போட்டிருக்கிறாள். அது இப்போது புரிகிறது. அன்று புரிந்தது ஒன்றுதான்: ஊரை விட்டுப் போனால் என் கூட்டாளி இல்லை, சனிக்கிழமை இல்லை, ஒன்றும் இல்லை.

அந்தச் சீட்டை நான் நோட்டில் எழுதவில்லை. ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா விண்ணப்பங்களைப் படித்து முடிக்கும்வரை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி விண்ணப்பம் முடிந்து அப்பா நோட்டை மூடியபோது, அவள் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமையும் அதே எழுத்து. அதற்கடுத்த வாரமும். மூன்றாவது சீட்டில் ஒரே வரிதான்: 'கேட்கிறீரா?'

என் கூட்டாளிக்குக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. வெகுநேரம் பெட்டிமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "இது எந்தக் குவியல்பா?" என்றாள் கடைசியில். "உங்கம்மாக்கு அங்க இன்னா இருக்குதுன்னு கேளேன். கேக்கறதுல இன்னா வந்துச்சு?"

அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், சும்மா கேட்பதுபோல. "உங்க ஊர்ல அப்படி என்னம்மா இருக்குது?"

"ஆறு கெடக்குட்டி" என்றாள், கேள்விக்காகவே காத்திருந்ததுபோல. "விடிஞ்சா ஆறு, அடைஞ்சா ஆறு. அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நான் நீந்துவேன். எங்க தெருவுல என்னை மீனுன்னுதான் கூப்பிடுவாவ." சோப்பு நுரைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இங்க வாளித் தண்ணி. நான் பேசுனா எல்லாரும் சிரிக்காவ. இந்தா, நீயும் சிரிக்கே."

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் பேச்சு எனக்கு எப்போதுமே பாட்டு மாதிரி. அவளுக்கு அது வலிக்கும் என்று தெரியாது.

அந்த வாரமே பெருமழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் பெய்தது. ஓய்ந்து ஒரு வாரம் கழித்து ஊரே ஓரிக்கைப் பக்கம் கிளம்பியது. பாலாற்றில் தண்ணீர்! பல வருஷமாக மணலை மட்டுமே பார்த்தவர்களுக்கு அது தேர்த்திருவிழா. அத்தை புளிசாதம் கட்டினார். நர்ஸம்மா குடை எடுத்துக்கொண்டார். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேண்டாம், துணி கிடக்கிறது என்ற அம்மாவை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம்.

வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்திருந்தது. கரையோரம் முழங்கால், நடுவில் மார்பளவு. அதற்கப்பால் ஒரு மணல்திட்டு. எல்லோரும் கால் நனைத்துக்கொண்டு நின்றோம். அம்மா தண்ணீரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். புடவையை வரிந்து கட்டி இடுப்பில் செருகினாள். யாரும் ஒன்றும் கேட்பதற்குள் இறங்கிவிட்டாள்.

"ஐயோ, உபதேசியாரம்மா போறாங்க! பிடிங்கப்பா!" என்று அத்தை அலறினார். "தாயே காமாட்சி!"

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று நர்ஸம்மா குடையை ஆட்டினார்.

காமாட்சியும் கர்த்தரும் சேர்ந்து கூப்பிடப்பட்ட அந்த நேரத்தில், அம்மா நான்கு வீச்சில் நடு ஆற்றைத் தாண்டிவிட்டாள். மணல்திட்டைத் தொட்டாள். திரும்பி வரும்போது மல்லாந்து படுத்து மிதந்தாள். கூந்தல் அவிழ்ந்து தண்ணீரில் விரிந்தது. வானத்தைப் பார்த்துச் சத்தம்போட்டுச் சிரித்தாள். வீட்டில் காபி கொடுக்கும்போது சிரிக்கிற சிரிப்பு அல்ல அது. அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்திய அப்பாவுக்கும் தெரியாது. துண்டைக் கையில் பிடித்தபடி வாய் திறந்து நின்றார்.

பிறகு அம்மா என் கூட்டாளியையும் என்னையும் வயிற்றில் கை கொடுத்துத் தாங்கி நீந்தப் பழக்கினாள். அத்தைகூட கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து பார்த்தார். புளிசாதத்தில் மணல் நறநறத்தது. அப்படியே தின்று தீர்த்தோம்.

அடுத்த சனிக்கிழமை நோட்டோடு மூன்று சீட்டுகளையும் அப்பாவிடம் கொடுத்தேன். நன்றாக யோசித்துத்தான் கொடுத்தேன்.

அவர் முதல் சீட்டை மூக்கில் இடிக்கும் அளவுக்குக் கண்ணருகில் கொண்டுபோனார். எழுத்தை அடையாளம் கண்டதும் அவர் காது இரண்டும் சிவந்தன. கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையில் துடைத்து, மறுபடியும் முதலிலிருந்து படித்தார். மூன்றாவதைப் படிக்கும்போது உதடு மட்டும் அசைந்தது.

"எப்பம்மா போட்டாங்க?"

"போன மாசம். மூணு வாரம் வரிசையா."

"நீ ஏன் எழுதல?"

"எனக்கு இந்த ஊர விட்டுப் போக இஷ்டமில்லப்பா."

"அப்ப இப்ப ஏன் குடுக்கறே?"

"இது சாமிக்குப் போட்டது இல்லப்பா. உங்களுக்குப் போட்டதுன்னு நினைக்கறேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சீட்டுகளை அம்மா மடித்திருந்த மடிப்பிலேயே மடித்தார். "தினம் காலையில முட்டி போட்டு, கர்த்தர் சித்தம் இன்னான்னு கேட்டுக்கினு இருந்தேன்" என்றார், என்னிடம் அல்ல, ஜன்னலைப் பார்த்து. "உங்கம்மா சித்தம் இன்னான்னு ஒரு நாளும் கேக்கல." பிறகு என் தலையில் கை வைத்தார். "இத அம்மா கிட்ட சொல்லாதம்மா."

நான் சொல்லவில்லை. அவர் பேராயருக்கு எழுதினார். கோடை லீவில் மாற்றல் உத்தரவு வந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை அம்மா எழுந்து, தன் இருதயத்தின் விண்ணப்பத்தைக் கர்த்தர் கேட்டார் என்று சாட்சி சொன்னாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். என் இடத்திலிருந்து பார்த்தால் அவர் வாயோரம் தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு, ஆமென் சொல்லும்போது என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கோபமெல்லாம் இல்லை. யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு பிஸ்கட் டின்னுக்குள் விழுந்ததை இன்னொரு மனுஷன் எடுத்துப் படித்தால் போதும் என்பது எனக்குக் குறைவாகத் தோன்றவில்லை. பெரிதாகத் தோன்றியது. இன்றும் அப்படித்தான்.

ஊரை விட்டுப் போகக் கூடாது என்ற என் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். என் கூட்டாளி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் வந்து, "சரி, கடுதாசி போடு. குண்டு எழுத்துல போடு" என்றாள். போட்டேன். நாற்பது வருஷத்துக்கு மேல் போட்டேன். கணக்கு டீச்சராக ஊர் ஊராகச் சுற்றி, ஓய்வுபெற்றதும் இங்கேயே திரும்பி வந்து செவிலிமேட்டில் வீடு பார்த்தது அவளுக்காகத்தான். அப்பா காலமான பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எந்த ஊரை விட்டுப் போகக் கெஞ்சினாளோ அந்த ஊருக்கே வந்திருக்கிறாள். "பாத்தியா, கர்த்தரோட திட்டத்த" என்கிறாள். நான் வாதாடுவதில்லை. எண்பத்து மூன்று வயதில் அவளால் முட்டி போட முடிவதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஜெபிக்கிறாள். என் ஆத்துமாவுக்காகத் தவறாமல் பத்து நிமிஷம். முடிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இதை எழுதப்போகிறேன் என்று முடிவானதும், முதலில் அவளிடம் சொல்வதுதான் நியாயம் என்று பட்டது. நேற்று காலை அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோழிக்கூடையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸம்மாவின் தூதன் நாங்கள்தான் என்றதும் கீரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். ஜாமெட்ரி பாக்ஸைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

"அப்போ, ஒங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. மூணையும் அவருகிட்டதான் குடுத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லலியே அந்த மனுசன்!" அவள் கை கீரைமேல் அப்படியே நின்றது. "அம்பது வருசமா கர்த்தர்தான் அவிய மனச மாத்துனாருன்னு நெனச்சிட்டு இருந்தேன். அவியளே படிச்சிருக்காவ." பிறகு சுதாரித்துக்கொண்டு, "ஒன்ன வச்சுக் கர்த்தர் செய்திருக்காரு. அதுவும் அவரு செயல்தான்" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

கீரை ஆய்ந்தாள். இரண்டு கொத்து முடிந்திருக்கும். கன்னம் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏட்டி, அதப் படிக்கும்போது அவிய மொகம் எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். மூக்கில் இடித்ததை, காது சிவந்ததை, வேட்டி முனையை.

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.